அண்ணனின் ஜீப்பை எடைக்குப் போடலாமா?



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். "சித்தப்பா, அப்பாவோட ஜீப்புக்கு இந்த வருசம் ஆர்.சி. புதுப்பிக்கணும். தகர வேலை, டயர், பிரேக், ஆர்.டி.ஓ. ஆபீஸ் செலவுன்னு நிறைய ஆகும்போல. பேசாம எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒரு கார் எடுத்துடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

கேட்டு அரை மணி நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் எல்லோரும் "போட்டுடு". போடியிலும் மலையிலும் இருப்பவர்கள் எல்லோரும் "கையை வைக்காதே". நான் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்து இன்றைக்கு ஜீப் ஓட்டிப் பிழைக்கிற பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதும் ஒரு காரணம்.

பழைய ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பழமைவாதி என்று சொல்வது சுலபம். "அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா" என்று பேசுகிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தினமும் மலையில் ஓட்டுகிறவன் இரும்பின் மேல் இருக்கிற பாசத்தில் ஓட்டுவதில்லை. அவனுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்கிறேன். பிறகு, அந்தக் காரணங்களில் சேராத ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். எனக்கு அது புரிய அறுபத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

அண்ணனுடைய ஜீப் 1990ஆம் ஆண்டு வண்டி. மகிந்திரா எம்.எம். 540. போடிமெட்டைத் தாண்டி அண்ணன் வைத்திருந்த மூன்று ஏக்கர் ஏலத்தோட்டத்துக்காக வாங்கியது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர். அதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காக. கல்லும் வேரும் ஓடைத் தண்ணீரும்தான். 15 வருடம் முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று நாலு தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இது ஐந்தாவது தடவை. அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் இல்லாமல் புதுப்பிக்கிற முதல் தடவையும் இதுதான்.

சென்ற ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கோவையிலிருந்து எங்கள் மாப்பிள்ளை புதுக் காரில் வந்திருந்தார். உயரமான வண்டி. பார்த்தால் யானைக்குட்டி மாதிரி கம்பீரம். "மாமா, இது எல்லா ரோட்டுலயும் போகும்" என்று சொல்லித் தோட்டப் பாதையில் இறக்கினார். இரண்டாவது ஓடை ஏற்றத்தில் முன்சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. பின்சக்கரம் சும்மா நின்றது. ஏனென்றால் அந்த வண்டி முன்சக்கரத்தால் மட்டும் இழுக்கிற வண்டி. இன்றைக்குச் சந்தையில் உயரமாக, தடிமனாக, மலை ஏறுகிற விளம்பரத்தோடு விற்கிற கார்களில் நிறைய இப்படித்தான். தோற்றம் ஜீப், உள்ளே சாதாரணக் கார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜீப்பை எடுத்துவரச் சொன்னோம். ஓட்டிவந்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் என்னிடம் இயற்பியலில் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து எடுத்தவன்; அதாவது பாஸ் மார்க்குக்குச் சரியாக. கயிறு கட்ட மாப்பிள்ளை வண்டியில் கொக்கி தேடினால் கொக்கி இல்லை. டூல்ஸ் பையில் தனியாக இருக்கிறது, எடுத்து முன்னால் இருக்கிற மூடியைக் கழற்றித் திருக வேண்டும். ஜீப்பில் கொக்கி பின்னாலேயே சேஸிஸோடு இருக்கிறது. இழுத்தோம், வந்துவிட்டது. ஆனால் அடியில் கல் இடித்ததில் ஏதோ ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓடியது, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. என்னவென்று கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது.

அன்றைக்கு என் மாணவனிடம் கேட்டேன். "ஏன்டா, உனக்கு ஒரு புது வண்டி ஓட்ட ஆசை இல்லையா?"

அவன் சொன்னான்: "சார், இதுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. அதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமில்ல."

முப்பத்தைந்து மார்க் வாங்கியவன் சொன்ன இந்தப் பதிலுக்கு நான் நூறு போடுவேன்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, லேசான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று கேட்டது. பேன்டம் என்கிற சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. பிறகு வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் 1941 முதல் 1945 வரை சுமார் 6.4 லட்சம் ஜீப்புகள் செய்து தள்ளின. போர்க்களத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது. சிப்பாய் தானே கழற்றி மாட்ட வேண்டும். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும். அந்தத் தேவைக்காகவே அது அவ்வளவு எளிமையாகப் பிறந்தது.

போர் முடிந்த 1945இல் லூதியானாவில் 'மகிந்திரா அண்ட் முகமது' என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. பங்குதாரராக இருந்த மாலிக் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆகிப் போய்விட்டார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டி விற்றார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். பெட்ரோல் விலை ஏறிய பிறகு பெஜோ என்கிற பிரெஞ்சு நிறுவனத்தின் டீசல் இன்ஜினை உரிமம் பெற்றுச் செய்து போட்டார்கள். அண்ணன் வண்டியில் இருப்பது அதுதான். 2112 சிசி. போர்க்களத்துக்குச் செய்த வண்டி நம் ஏலமலைக்கு வந்து சேர்ந்த கதை இது. இரண்டு இடத்துக்கும் பொது ஒன்று உண்டு: வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள்.

இனி கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் கம்பிகள் இருக்கும். ஒன்று முன்சக்கரத்தையும் இழுக்கவைப்பது. மற்றது லோ கியர். லோ கியர் போட்டால் சக்கரம் ஏறக்குறையப் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆனால் சுற்றுகிற பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். இன்ஜினின் திறன் கூடவில்லை. வேகத்தைக் கொடுத்துத் திருப்புத்திறனை வாங்குகிறோம். மேட்டில் சைக்கிள் கியரை மாற்றி மெதுவாக மிதிக்கிறோம் அல்லவா, அதே கணக்கு. இறக்கத்தில் இது இன்னும் முக்கியம். லோ கியரில் ஃபர்ஸ்ட் போட்டுவிட்டால் பிரேக்கில் காலே வைக்க வேண்டாம். இன்ஜினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கும். மழையில் பிரேக் மிதித்து வழுக்கிப் போவதை விட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஆக்சில். பழைய ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே ஒரே உறுதியான ஆக்சில், அதன்மேல் பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் ஆக்சில் தராசு மாதிரிச் சாய்ந்து மறு சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். தார் ரோட்டில் இது கொடுமை. முதுகெலும்பு ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணும். கல் பாதையில் இதுதான் வரம். இப்போதைய கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஹைவேயில் சொகுசு, வளைவில் பிடிப்பு. இரண்டும் இரண்டு வேலைக்குச் செய்தவை.

மூன்றாவது அகலம். அந்த 1941 ஜீப்பின் அகலம் 62 அங்குலம். அதாவது ஐந்தேகால் அடிகூட இல்லை. இன்றைய தார் வண்டி ஏறக்குறைய ஆறு அடி. ரோட்டில் நிற்கும்போது இந்தப் பத்து அங்குலம் கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கிற தோட்டப் பாதையில் பத்து அங்குலம் என்பது பெரிய விஷயம்.

நாலாவதுதான் முக்கியம். டீசல் பம்ப், நாசில், காற்று வடிகட்டி, அவ்வளவுதான் இன்ஜின் கேட்பது. காலையில் ஹீட்டர் பிளக்கைச் சூடுபண்ணி ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் அது ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. பேட்டரி செத்துப்போனால் இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரில் போட்டால் எழுந்துவிடும். நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுக்க வேண்டும். ஒரு பை ஸ்பேனர், கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு ஃபேன் பெல்ட், ஒரு கேன் தண்ணீர். இதை வைத்துக்கொண்டு அண்ணன் முப்பது வருடம் மலையில் இருந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

புது டீசல் வண்டியில் புகையைக் குறைக்க நிறைய ஏற்பாடுகள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்துவிட்டது. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு இன்ஜின் கொஞ்ச நேரம் நல்ல சூட்டில் ஓட வேண்டும். ஹைவேயில் போகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. தினமும் நாலு கிலோமீட்டர் ஊர்ந்தே போகிறவருக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வண்டியில் குறை இல்லை. அதற்கு நினைத்த வேலை வேறு, இங்கே கொடுக்கிற வேலை வேறு.

இது நம் ஊர்க்காரர்களின் பிடிவாதம் மட்டும் இல்லை. டொயோட்டா நிறுவனம் 1984இல் கொண்டுவந்த லேண்ட் குரூசர் 70 வண்டியை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சுரங்கப் பகுதிகளில் அதற்கு இன்றும் கிராக்கி. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்ஜங் என்கிற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கிற சந்தக்ஃபூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்களைப் பல்லாண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே கொழுக்குமலை இருக்கிறது. மலை நம் தேனி மாவட்டத்தில், ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. சூரிய உதயம் பார்க்கப் போகிறவர் எவ்வளவு விலை உயர்ந்த காரில் வந்தாலும் அதைக் கீழே நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் ஏற வேண்டும். எழுபது ஆயிரம் ரூபாய் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் அந்த ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கும் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற புது வண்டி பத்து லட்சத்துக்கு மேல். மாதத் தவணை கட்ட வேண்டும். ஏலக்காய் விலையோ ஒரு வருடம் மேலே, ஒரு வருடம் பாதாளத்தில். தவணை அதைப் பார்த்து வருவதில்லை. பழைய ஜீப் ஒரு வருடம் நின்றாலும் யாரும் வந்து கேட்கமாட்டார்கள்.

இதுவரை படித்த போடிக்காரர்கள் "அப்படிப் போடுங்க சார்" என்று கைதட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

போன மாதம் சந்தையில் ஒரு பழைய மாணவியைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள். இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். பேச்சு எப்படியோ ஜீப்புக்கு வந்தது. நான் மேலே எழுதியதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"முன்னாடி உக்காந்து போறவங்களுக்கு நல்ல வண்டிதான் சார். ஒரு நாளைக்குப் பின்னாடி உக்காந்து வந்து பாருங்க."

சுருக்கென்று இருந்தது. அடுத்த வாரம் போனேன். காலை ஐந்தரை மணி. போடியில் ஜீப் நின்றது. ஓட்டுகிறவனும் என்னிடம் படித்தவன்தான். "சார், முன்னாடி வாங்க" என்றான். வேண்டாம் என்று பின்னால் ஏறினேன். இரண்டு பக்கமும் பலகை, எதிரெதிராக. ஓட்டுகிறவனோடு சேர்த்து எண்ணினேன், பதினாறு பேர். என் முழங்கால் எதிரே இருந்தவரின் முழங்காலில் இடித்தது. தூக்குவாளிகள் மடியில். கடைசியில் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் மறு பக்கத்தின் மேல் சாய்ந்தார்கள். யாரும் கத்தவில்லை. பழகிவிட்டது. ஒரு அம்மா தூங்கிக்கொண்டே சாய்ந்தார், தூங்கிக்கொண்டே நிமிர்ந்தார்.

நான் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து என் பாடத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். குறுகலான வண்டி. உயரம். மேலே பதினாறு பேர் பாரம். ஈர்ப்பு மையம் எங்கே இருக்கும்? கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, ஏன் என்று உங்களிடம் கேட்டிருக்கிறேன். நிற்பதற்கு எடுக்கிற நேரத்தை நீட்டினால் விசை குறையும். புதுக் காரின் முன்பக்கம் நசுங்குவது அதற்குத்தான். காற்றுப்பை விரிவதும் அதற்குத்தான். தான் நசுங்கி ஆளைக் காப்பாற்றும். "இடிச்சா புதுக் கார் அப்பளம், நம்ம ஜீப்புக்கு ஒரு கீறல் விழாது" என்று பெருமை பேசுகிறோம். ஜீப் நசுங்காவிட்டால் அந்த அடி எங்கே போகிறது? உள்ளே இருக்கிற உடம்புக்குத்தான் போகிறது. பெல்ட் கிடையாது, பலகையில் பிடிப்பு கிடையாது, தலைக்கு மேல் ஒரு படுதா.

எங்கள் மாப்பிள்ளையின் புதுக் காரைச் சேற்றில் சிக்கியதற்காகக் கேலி செய்தேன் அல்லவா, அதற்கு முன்னால் ஆண்டிபட்டிக் கணவாயில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தபோது, மிதித்த மிதிக்கு சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வழுக்காமல், ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்பி நின்றதும் அதே கார்தான். உள்ளே என் பேத்தி இருந்தாள். அந்த இடத்தில் ஜீப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பெருமையையும் சொல்லிவிட்டுக் கடனையும் சொல்வதுதான் நியாயம்.

ஆக, ஓட்டுகிறவருக்குப் பிடித்த வண்டியும் ஏறி உட்காருகிறவருக்கு வேண்டிய வண்டியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இல்லை. பழைய ஜீப்பைப் புகழ்கிற நாம் எல்லோரும் ஓட்டுகிற சீட்டிலிருந்து பேசுகிறோம். பின்பலகையில் இருக்கிறவர்களை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர்களாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த டிரைவரைத் திட்டாதீர்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. எட்டு பேரோடு போனால் டீசலுக்கே சரியாகப் போய்விடும். தோட்டத்தில் ஏழு மணிக்கு ஆள் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போதுமான பஸ் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய வண்டியின் உறுதியின் மேல் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம். வண்டி தாங்குகிறது என்பதற்காக மனிதர்களை ஏற்றிக்கொண்டே போகலாமா?

என் கருத்து இதுதான்.

பழைய ஜீப்புக்கு உரிய இடம் கல் பாதை. தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரை, மெதுவாக, லோ கியரில், குறைந்த ஆட்களோடு. அங்கே அதற்கு ஈடு இல்லை. நல்ல தார் ரோட்டில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது அதன் வேலை இல்லை. அது பஸ்ஸின் வேலை. விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து மெட்டுகளுக்குப் போதுமான பஸ் விட வேண்டும் என்று கேட்க வேண்டியது நாம்தான். உங்களில் ஊராட்சியில் இருப்பவர்கள், சங்கங்களில் இருப்பவர்கள், செய்தித்தாளில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். பிழையில்லாமல் எழுதித் தருகிறேன்.

வண்டியை வயதைப் பார்த்துக் கழிக்கக் கூடாது, நிலைமையைப் பார்த்துக் கழிக்க வேண்டும். 2021இல் வந்த பழைய வாகனக் கொள்கையும் தகுதிச் சோதனையைத்தான் அடிப்படையாகச் சொல்கிறது. சோதனை உண்மையாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, சேஸிஸ் துரு தின்றிருக்கிறதா, புகை எவ்வளவு என்று பார்த்து, தேறாததை ஓரம்கட்ட வேண்டும். தேறியதை ஓடவிட வேண்டும். நம் ஜீப் புகைவிடுகிறது என்பதையும் மறைக்கப்போவதில்லை. நாலு கிலோமீட்டர் காட்டுப்பாதைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் சுற்றவும் பள்ளிக்கூட வாசலில் நிற்கவும் அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

புது வண்டி செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காற்றுப்பை, பூட்டாத பிரேக் எல்லாம் கொடுங்கள், நன்றி. அதோடு, வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக் திறந்து பார்க்கிற மாதிரியும் கொடுங்கள். பாகம் கிடைக்க வேண்டும், ரிப்பேர் புத்தகம் கிடைக்க வேண்டும், விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடிக்கிற கருவி சின்ன ஒர்க்‌ஷாப்புக்கும் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். அது போடியில் கிரீஸ் கையோடு நிற்கிற மெக்கானிக் வரைக்கும் வந்து சேர வேண்டும். "அதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமில்ல" என்று என் மாணவன் சொன்னது அவனுடைய குறை இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

இனி அண்ணன் மகனுக்குப் பதில்.

தம்பி, ஜீப்பை எடைக்குப் போட வேண்டாம். ஆர்.சி. புதுப்பி. செலவில் பாதி நான் தருகிறேன். பென்ஷன் வாங்குகிறவன் பணத்தை வேறு எதற்குச் செலவழிப்பேன்? ஆனால் மூன்று நிபந்தனை. ஒன்று, படுதாவுக்கு அடியில் உறுதியான வளைவுக் குழாயும், உட்காருகிற ஒவ்வொருவருக்கும் பெல்ட்டும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு முறையாகப் போட வேண்டும். இரண்டு, எத்தனை பெல்ட்டோ அத்தனை ஆள். ஒருவர் கூடக் கூடாது. மூன்று, நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் போடிமெட்டு வரை பஸ்ஸில் வரட்டும். பஸ் காசை நாம் கொடுப்போம். அங்கிருந்து ஜீப் இரண்டு நடை அடிக்கட்டும். ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வேலை தொடங்கும். தொடங்கட்டும். ஏலக்காய் ஓடிப்போகாது.

ஊருக்குப் போய்வர ஒரு கார் வேண்டுமென்றால் அதையும் வாங்கு. சின்னதாக வாங்கு. காற்றுப்பை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதைத் தோட்டப் பாதையில் இறக்காதே. அப்படி இறக்கினால் என்ன ஆகும் என்று கோவை மாப்பிள்ளையைக் கேள், சொல்வார்.

உங்கள் அப்பா எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது இந்த ஜீப்பில்தான். எனக்குச் சரியாக வரவில்லை. "நீ வாத்தியாராவே இரு" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வேலை முடிந்து திரும்பும்போது, யார் முன்னால் உட்காருவது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு யார் ரொம்பக் களைத்திருக்கிறாரோ அவரைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைப்பார். பெரும்பாலும் அது ஒரு வயதான அம்மாவாக இருக்கும். நான் பின்னால் ஏறுவேன். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

ஜீப் ஓட்டுகிற என் பிள்ளைகளே, கோபப்படாமல் ஒரு நாள் நீங்களும் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பிறகு வந்து நான் சொன்னது தப்பென்று எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்